அருவியில் தெளியாத பித்து

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அருவிச்சாலை வணிகர், குடியிருப்போர் சங்கத் தலைவர் செல்லச்சாமி அண்ணாச்சி அவர்களே, மேடையிலுள்ள பெரியவர்களே, கடையநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் ஜமாத்தார்களே, குற்றாலத்துக் கடைக்காரர்களே, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துப் பிழைக்கும் தோழர்களே, எல்லாருக்கும் முன்னால், பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஜாஹிரா பீவி அவர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

முறையாக வணக்கம் சொல்லியாயிற்று. இதற்குப் பிறகு நான் முறையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் பெயர் குத்தாலிங்கம். கடையத்துக்காரன். அரசுக் கால்நடை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். மறைந்த டாக்டர் முஹ்ஸினா நான் படித்த கல்லூரியில் எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்தவர். தென்காசி வட்டாரத்தில் ஆடு, மாடு, கோழிக்கு வைத்தியம் பார்க்க நாங்கள் சிலர் இருந்தோம். நாய்க்கென்று, அதுவும் நாயின் மூளைக்கென்று, உட்கார்ந்து படித்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு அஞ்சலி சொல்ல என்னை அழைத்தார்கள். அஞ்சலி சொல்லத்தான் வந்தேன். ஆனால் வாசலில் வைத்திருக்கிற பேனரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த கோபம் இன்னும் போகவில்லை.

‘வாயில்லா ஜீவன்களின் தாயே’ என்று அந்தப் பேனரில் எழுதியிருக்கிறது. யார் எழுதியது? யாருடைய செலவில் எழுதியது? இந்தச் சங்கத்தின் பெயரில் எழுதியிருக்கிறது. போன ஆண்டு இதே சங்கத்தின் பெயரில், இதே சாலையில், இதே டாக்டர் முஹ்ஸினாவுக்கு எதிராக ஒரு கூட்டம் போட்டார்களே, அன்றைக்கு அவர் யாருக்குத் தாய்? ‘வெறிநாய் டாக்டர்’ என்றுதானே அன்றைக்குப் பெயர் வைத்தீர்கள்? உயிரோடு இருந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காதவர்கள், செத்த பிறகு மாலையைத் தூக்கிக்கொண்டு முந்துகிறார்கள்.

இருங்கள். யாரும் எழுந்து போக வேண்டாம். பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

முஹ்ஸினா எதற்காகப் பாடுபட்டார் என்பது இங்கே இருக்கிற பலருக்குத் தெரியாது. பத்திரிகையில் ‘விலங்கு நல ஆர்வலர்’ என்று போட்டுவிட்டார்கள். அவர் ஆர்வலர் இல்லை, மருத்துவர். ஒரு நோயைப் பற்றி இந்த ஊருக்குச் சொல்ல அவர் தொண்டை வறளக் கத்தினார். அதை நான் இன்னொரு தடவை சொல்கிறேன். அவருடைய குரலில் கேட்கத்தான் மனமில்லை, என் குரலிலாவது கேளுங்கள்.

நாய்க்கு மூளையில் அழற்சி வரும். அழற்சி என்றால் வீக்கம், சூடு, வேதனை. அது வெறிநோய்க் கிருமியால் வரலாம். வேறு கிருமிகளாலும் வரலாம். ஆனால் எந்தக் கிருமியுமே இல்லாமலும் வரும். இந்தக் கடைசி வகையைத்தான் நம் ஊருக்கு விளங்கவைக்க முடியவில்லை. உடம்புக்குள் நோயை எதிர்க்கிற ஒரு காவற்படை இருக்கிறது. அது திடீரென்று புத்தி பேதலித்து, சொந்த மூளையையே பகைவன் என்று நினைத்துப் பாய்கிறது. வெளியிலிருந்து யாரும் வரவில்லை. காவலுக்கு நின்றவனே வீட்டுக்காரனை அடிக்கிறான். போலீசிலும் பட்டாளத்திலும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஊர் இது. காவலுக்கு நிற்பவனுக்குப் புத்தி பேதலித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படி ஆன நாய் என்ன செய்யும்? தலையை ஒரு பக்கம் சாய்க்கும். ஒரே திசையில் வட்டம் போடும். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும். கழுத்தைத் தொட்டால் அலறும். ஒரு பக்கக் கண் மங்கிப் போகும். சிலதுக்கு வலிப்பும் வரும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒட்டாது. உங்கள் பிள்ளைக்கு ஒட்டாது, பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒட்டாது. மருந்து உண்டு. அந்தக் காவற்படையைக் கொஞ்சம் அடக்கிவைக்கிற மாத்திரை. எல்லா நாயும் பிழைக்கும் என்று முஹ்ஸினா ஒருபோதும் சொன்னதில்லை. சிலது பிழைக்கும் என்றார். அந்தச் சிலதைக் கல்லால் அடிக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அது அதிகமா?

நம் ஊர் செய்தது என்ன? சந்தேகம் வந்தால் கல். கல் இல்லையென்றால் கம்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நம் சாலையில் தலை சாய்ந்ததெல்லாம் வெறி.

பாண்டியை உங்களுக்குத் தெரியும். ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் மசாஜ் செய்கிறவர். கடைசி வரிசையில் தூணோரம் நிற்கிறார். பாண்டி, உன் கதையைச் சொல்லட்டுமா என்று மேடையேறும் முன் கேட்டேன். “சொல்லுங்க சார், சொல்லித்தான் ஆவணும்” என்றார். அதனால் சொல்கிறேன்.

பாண்டியிடம் கறுப்பன் என்று ஒரு நாய் இருந்தது. அருவிக்கரையில் அவருடைய எண்ணெய்க் குப்பிகளுக்குக் காவல் அதுதான். ஒரு ஆவணி மாதம், சீசன் கூட்டம் குறைந்திருந்த நேரம், கறுப்பன் வட்டம் போட ஆரம்பித்தது. பாண்டிக்கு என்ன தோன்றும்? அவர் தொழில் என்ன? சித்தம் கலங்கியவர்களை எந்தெந்த ஊரிலிருந்தோ கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, சூடு பறக்கத் தேய்த்து, அருவியில் நிறுத்துகிறார்கள். பித்து தெளியும் என்று நம்பிக்கை. அப்பா காலத்திலிருந்து பாண்டி அதைத்தான் பார்த்திருக்கிறார். தலையில் கோளாறு என்றால் எண்ணெய், அருவி. மனிதனுக்கு ஆவது நாய்க்கு ஆகாதா? கறுப்பன் தலையில் நல்லெண்ணெயைத் தேய்த்து, ஓரமாகத் தண்ணீர் விழும் இடத்தில் கொண்டுபோய்ப் பிடித்திருக்கிறார்.

நாய் அலறியது. ஏன் அலறாது? மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கியிருக்கிறது. கழுத்தைத் திருப்பவே உயிர் போகிறது. அந்தக் கழுத்தின் மேல் அருவி விழுந்தால் அலறாமல் என்ன செய்யும்? துள்ளி, திமிறி, பாண்டியின் பிடியை உதறிக்கொண்டு ஓடியது. கரையில் நின்றவர்களில் ஒருவர் சத்தம் போட்டார்.

“ஏலே, தண்ணியக் கண்டு பயப்படுதுலே. வெறிதாம்லே இது.”

அவ்வளவுதான். அந்த ஒரு சொல் போதும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று பழமொழி சொல்வார்களே, குற்றாலத்தில் அந்தக் குறை கிடையாது. ஆற்றங்கரை முழுக்கக் கல். பாண்டி குறுக்கே விழுந்து கத்தியிருக்கிறார். “என் நாய்தாம்யா, நான்தாம்யா தண்ணியில பிடிச்சேன்” என்று கத்தியிருக்கிறார். யார் கேட்டது?

முஹ்ஸினா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நானும் அப்போது அங்கே போய்ச் சேர்ந்தேன். அவர் அழவில்லை. சத்தம் போடவுமில்லை. கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வெறிநோய் வந்த நாய் தண்ணியைக் கண்டு பயப்படும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

அவரே பதிலும் சொன்னார். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது வெறிநோய் வந்த மனிதன். நாய் பெரும்பாலும் அஞ்சாது. தண்ணீரில் வாயை வைக்கும், தொண்டை இழுத்துக்கொள்வதால் விழுங்க முடியாது. சில சமயம் நீந்திக்கூடப் போகும். “தண்ணிக்குப் பயந்த குத்தத்துக்காக நீங்க கொன்னிருக்கிய. அது பயத்துல கத்தல. வலியில கத்திருக்கு” என்றார்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? கறுப்பனின் தலையை எடுத்தார். கேட்கவே சிலருக்கு முகம் சுளிக்கிறது. அவருக்கு மட்டும் அது ஆசையா? வெறிநோயா இல்லையா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மூளையைத்தான் சோதிக்க வேண்டும், வேறு வழி கிடையாது. கையுறை போட்டு, முகக்கவசம் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துப் பொதிந்து, ஆய்வகத்துக்குத் தானே கொண்டுபோனார். பாண்டியை மட்டும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் தடுப்பூசி போட வைத்தார். “முடிவு வரட்டும்னு உக்காரக் கூடாது. ஊசியை மொதல்ல போட்டுருவோம், சந்தேகத்தைப் பொறவு தீத்துக்கிடலாம்” என்பது அவர் கொள்கை. நாய்க்காக மனிதனைப் பலி கொடுப்பவர் என்று அவரைப் பற்றிப் பேசினீர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு வந்தது. வெறிநோய் இல்லை. எந்தக் கிருமியும் இல்லை. மூளையில் கிருமியில்லாத அழற்சி.

அதைச் சொல்ல பாண்டியைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். பாண்டி துண்டை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். “அப்போ நான் அருவிக்குக் கொண்டுபோனதாலதானம்மா செத்துச்சு?”

“நீ நல்லது நெனச்சு கொண்டுபோன பாண்டி. உனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது. தெரியாம செஞ்சவன் நீ. தெரிஞ்சுக்கிட மாட்டேன்னு கல்லெடுத்தவனுவ வேற” என்றார்.

பெரியோர்களே, அந்த ஆய்வு முடிவை முஹ்ஸினா இந்தச் சங்கத்தில் வந்து படித்தார். கடைகடையாக ஏறிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தவர்களிடம் சொன்னார், கோயில் கொடை விழாவில் மைக் வாங்கிச் சொன்னார். என்ன மரியாதை கிடைத்தது? ஜமாத்தார்கள் மன்னிக்க வேண்டும், உங்களில் சிலர் “நம்ம பொம்பளப் பிள்ளை நாயைத் தொட்டுக்கிட்டுத் திரியுதே” என்றீர்கள். எங்கள் ஆட்கள் மன்னிக்கக்கூட வேண்டாம், நான் சொல்லத்தான் போகிறேன். அவர்களில் சிலர் சொன்னது அதைவிடக் கேவலம். “அவுகளுக்கு நாயே ஆகாதே, அப்புறம் என்ன அக்கறை? வெறிநாயை நம்ம தெருவுல விடத்தான்” என்றார்கள். ஒரு டாக்டரைத் திட்டுவதற்கென்றால் இரண்டு பக்கமும் எப்படி ஒற்றுமையாகி விடுகிறது பாருங்கள். இந்த ஒற்றுமையைத் தேரோட்டத்திலும் கந்தூரியிலும் பார்க்க நான் கொடுத்து வைக்கவில்லை.

ஜாஹிரா அம்மா, உங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடையநல்லூரில் உங்கள் வீட்டுக் கொல்லை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் ஒரு சட்டியில் சலித்த மண்ணும் எப்போதும் இருக்கும். நாயைத் தொட்ட கையை மண் போட்டுக் கழுவ வேண்டும் என்பது உங்கள் மார்க்கம். மகள் வருவதற்கு முன்னால் அதை நிரப்பி வைப்பீர்கள். எத்தனையோ பேர் உங்களிடம் வந்து மகளைக் கண்டிக்கச் சொன்னார்கள். நீங்கள் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான் என்று முஹ்ஸினா சிரித்துக்கொண்டே சொல்வார். “கழுவிட்டு உள்ள வா, சோறு ஆறுது.” நம்பிக்கையையும் விடவில்லை, மகளையும் விடவில்லை. இந்த ஊரில் படித்தவர்கள் எத்தனை பேரால் அது முடிந்தது? அந்தச் சட்டியை இனி யாருக்காக நிரப்புவீர்கள் அம்மா?

மன்னியுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இனி ‘சீசன்’ கதை. சீசன் என்பது ஒரு நாயின் பெயர். சப்பை மூக்கு, சுருட்டை வால், கலப்பு ஜாதி. சாரல் முடிந்து கார்கள் எல்லாம் ஊர் திரும்பியபோது யாரோ ஒரு புண்ணியவான் அதை இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டான். சங்கத்து இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் தங்கத்தாய் அதற்குப் பன்னும் பாலும் போட்டு வளர்த்தார். சீசனுக்கு வந்த காரில் வந்ததால் சீசன் என்றே பெயரும் வைத்தார். கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாத பெண்ணுக்கு அந்த நாய்தான் துணை. கடை சாத்தினால் வாசலில் அதுதான் படுத்திருக்கும்.

போன ஆண்டு சீசனுக்குத் தலை சாய்ந்தது. வட்டம் போட்டது. தங்கத்தாய் அருவிக்குக் கொண்டுபோகவில்லை. பாண்டி தடுத்துவிட்டார். “அருவி வேண்டாம் தாயீ, டாக்டரம்மாவுக்குப் போன் போடு” என்றார். கறுப்பன் செத்ததில் விளைந்த ஒரே நன்மை அது.

ஆனால் முஹ்ஸினா வந்து சேர்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. செல்லச்சாமி அண்ணாச்சி கம்போடு முன்னால் நின்றார்கள். அண்ணாச்சி, மேடையில் வைத்துச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னால்தான் தப்பு. நாயின் பக்கத்தில் போய்க் கம்பை ஓங்கினீர்கள். அது திரும்பி உங்கள் கையைக் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. கூட்டம் கல்லைத் தூக்கியது. அந்த நேரத்தில்தான் முஹ்ஸினா ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடி வந்து நடுவில் நின்றார்.

முதலில் அவர் தொட்டது நாயை இல்லை. உங்கள் கையை. தங்கத்தாயின் கடைக் குழாயடியில், துணி துவைக்கிற சோப்பைப் போட்டு, தண்ணீர் ஓட ஓட, உங்கள் கையைப் பிடித்துக் கழுவினார். “வலிச்சாலும் பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி, கழுவுததுதான் மொத மருந்து” என்று சொன்னார். உங்களை ஆட்டோவில் ஏற்றி ஊசி போட அனுப்பினார். அதற்குப் பிறகுதான் நாய்க்குச் சாக்கைப் போர்த்தித் தூக்கினார். கூட்டம் வழி மறித்தது. “கொன்னுட்டா இது வெறியா இல்லையான்னு தெரிய தலையை வெட்டி அனுப்பணும். உசுரோட பூட்டிவச்சா பத்து நாள்ல தானே தெரிஞ்சு போவும். வெறின்னா அதுக்குள்ள செத்துரும். இருந்துச்சுன்னா அண்ணாச்சிக்கு நிம்மதி. நீங்க அண்ணாச்சிக்காக நிக்கியளா, கல்லுக்காக நிக்கியளா?” என்று கேட்டார்.

வழி விட்டீர்கள். தன் கிளினிக்கின் பின்னறையில் பூட்டி வைத்து, தடுப்பூசி போட்டுக்கொண்ட தான் ஒருத்தி மட்டும் உள்ளே போய், மருந்து கொடுத்தார். அந்தப் பத்து நாளும் அண்ணாச்சி பட்ட பாடு எனக்குத் தெரியும். சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். தினமும் சாயங்காலம் முஹ்ஸினா போன் போட்டு, “நாய் சாப்பிட்டுச்சு அண்ணாச்சி, நீங்களும் சாப்பிடுங்க” என்று சொல்வார். பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன். வெறிநோய் வந்தால் பிழைக்க வழியில்லை. அதற்குப் பயப்படாதவன் முட்டாள். கம்பெடுத்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன்.

பத்து நாள் முடிந்தது. நாய் உயிரோடு இருந்தது. அதற்கு மேலும் இருந்தது. தலைச் சாய்வும் ஒரு கண்ணின் மங்கலும் மட்டும் போகவில்லை. மற்றபடி நடந்தது, தின்றது, தங்கத்தாயைக் கண்டால் வாலாட்டியது. வெறி இல்லை என்று வெட்டவெளிச்சமாகிவிட்டது. அதற்கப்புறமும் ஒரு தீர்மானம் போட்டீர்களே, அது எதற்கு? ‘நாயை அப்புறப்படுத்தாவிட்டால் டீக்கடையைக் காலி செய்ய வேண்டும்’ என்று போட்ட அந்தத் தீர்மானம் எதற்கு? வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு ஊரெல்லாம் சுற்றியதே, “மாத்திரை குடுத்து வெறியை மறைச்சு வச்சிருக்காவ” என்று, அதை ஒருவராவது மறுத்தீர்களா? கையைக் கழுவிவிட்ட பெண்ணுக்காக அந்தக் கையில் ஒரு விரலாவது உயர்ந்ததா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆட்டுக்காரர்கள் வருவது நின்றது. மாட்டுக்காரர்கள் வருவது நின்றது. கட்டடக்காரர் கிளினிக்கைக் காலி செய்யச் சொன்னார். கேரள எல்லையில் புளியறை வரைக்கும், அங்கே சோதனைச்சாவடியில் நிற்கிற லாரி டிரைவர் வரைக்கும் அந்தக் குரல் பதிவு போய்ச் சேர்ந்திருந்தது. மருந்துப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, கூப்பிட்ட ஒன்றிரண்டு வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்தார். இந்தச் சாலையில் அவர் வந்தால் கடைக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்திருக்கிறார். ஒரு தடவை என்னிடம் சொன்னார். “சார், கிருமியே இல்லாம மூளை வீங்குத நோயை நாயிலதான் படிச்சேன். ஊருக்கும் அது வரும்னு இப்பத்தான் தெரியுது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பாருங்கள். வெளியிலிருந்து எந்தப் பகைவன் வந்தான்? யார் நமக்குத் தீங்கு செய்தது? ஊரைக் காக்கிறோம் என்று புறப்பட்ட நாம், ஊருக்கு நல்லது செய்த ஒரு ஆளின் மேல்தானே பாய்ந்தோம்? இதற்கு எந்த எண்ணெயைத் தேய்ப்பது? எந்த அருவியில் போய் நிற்பது? ஐந்தருவியில் ஐந்து கிளையும் ஒன்றாக விழுந்தாலும் இந்தப் பித்து தெளியுமா?

முஹ்ஸினாவுக்கு இதய நோய் இருந்தது. என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஊர்தான் அவரைக் கொன்றது என்று சொல்லி நான் சுலபமாக அழுதுவிட்டுப் போகமாட்டேன். மருத்துவன் நான், தெரியாததைச் சொல்லக் கூடாது. ஆனால் நான் சிகிச்சைக்குப் போகச் சொன்னபோது அவர் சொன்ன காரணம் எனக்குத் தெரியும். “நான் படுத்துட்டா சீசனுக்கு யாரு சார் மாத்திரையைக் கொறைப்பா?”

அதுதான் விஷயம். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்த முடியாது. மாடியிலிருந்து குதிக்கக் கூடாது, படிப்படியாக இறங்க வேண்டும். கொஞ்சம் குறைத்து, நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அப்புறம் இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டால் அழற்சி திரும்பிவிடும். நாய் மறுபடியும் வட்டம் போடும். வட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? இப்போது தடுக்க நடுவில் வந்து நிற்கவும் ஆள் இல்லை. மறைவதற்கு முந்தின நாள்கூடத் தங்கத்தாயின் கடைக்கு வந்து, நாயின் கண்ணைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, “இதே அளவுல குடு தாயி. நல்லாத்தான இருக்குன்னு நீயா நிப்பாட்டிராத” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஊரில் அவர் கடைசியாகப் பேசிய வைத்தியப் பேச்சு அதுதான்.

தங்கத்தாய் எங்கே என்று பார்க்கிறீர்களா? இந்த மண்டபத்தில் இல்லை. வாசலில் நிற்கிறார். கையில் நாயைப் பிடித்திருப்பதால் உள்ளே விடவில்லை. யாருக்கு அஞ்சலி செலுத்துகிறோமோ அவர் பிழைக்க வைத்த உயிருக்கு உள்ளே வர அனுமதி கிடையாதாம். பேனரில் மட்டும் ‘வாயில்லா ஜீவன்களின் தாயே’. வருகிற வாரம் கூடுகிற உங்கள் சங்கக் கூட்டத்தில், டாக்டரின் சான்றால் அப்போது நின்றுபோன, அந்தப் பெண்ணின் கடையைக் காலி செய்யும் தீர்மானம் திரும்ப வருகிறதாம். சான்று சொல்ல டாக்டரும் இல்லை என்று தைரியம் வந்துவிட்டதா?

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. எனக்கு அது வேண்டாம். அவர் உயிரோடு இருந்த காலம் முழுக்க நாம் மௌனமாகத்தான் இருந்தோம். அந்த அஞ்சலியை வேண்டிய மட்டும் செலுத்தியாயிற்று. அதற்கப்புறம் செல்லச்சாமி அண்ணாச்சி படத்தைத் திறந்து வைப்பார்கள் என்று போட்டிருக்கிறது. அதுவும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

வழக்கமாக இந்த இடத்தில் ‘அன்னாரின் பணியைத் தொடர்வோம்’ என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். பணி என்றால் என்ன? பொத்தாம்பொதுவாக ஒரு சொல்லைச் சொல்லிக் கை தட்டு வாங்க நான் வரவில்லை. நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். சீசனின் மாத்திரையை இனி நான் குறைப்பேன். கடையத்திலிருந்து பஸ் ஏறி வந்து பார்ப்பேன். இந்த வட்டாரத்தில் எந்த நாய்க்குத் தலை சாய்ந்தாலும் எனக்குப் போன் போடுங்கள். கடிபட்டவரை ஊசிக்கு அனுப்புவேன், நாயைப் பூட்டி வைத்துப் பார்ப்பேன். வெறி என்றால் வெறி என்று நானே சொல்வேன். இல்லை என்றால் இல்லை என்று உங்கள் நடுவில் நின்று சொல்வேன். எனக்கு எழுபதாகப் போகிறது. கல் விழுந்தால் விழட்டும்.

இப்போது உங்கள் முறை. மணியைப் பார்த்தேன். சீசனுக்குச் சாயங்கால மாத்திரை கொடுக்கிற நேரம். பன் துண்டுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். தங்கத்தாய் கையில் பன் வைத்திருக்கிறார். மாத்திரை இதோ, என் சட்டைப் பையில்.

செல்லச்சாமி அண்ணாச்சி, இந்த மாத்திரையை இன்றைக்கு நீங்கள் கொடுக்க வேண்டும். முஹ்ஸினா கழுவிவிட்ட அந்தக் கையால் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்து, அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று இந்த மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்புறம் படத்தைத் திறக்கலாம். அப்போது அந்தப் படத்தின் முகத்தை நேராகப் பார்க்க நமக்கு யோக்கியதை வரும். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், படத்தை ஜாஹிரா அம்மா வீட்டுக்கு நானே எடுத்துப் போகிறேன்.

அவசரமில்லை. யோசியுங்கள். நான் நிற்கிறேன்.

அண்ணாச்சி எழுந்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் கை தட்ட வேண்டாம், நாய் மிரளும். நடுவில் நாற்காலியை விலக்கி வழி விடுங்கள். வாசலில் நிற்கிற தம்பி, கதவை நன்றாகத் திற. தங்கத்தாய், அதை உள்ளே கூட்டிக்கொண்டு வா தாயி. பாண்டி, நீயும் பக்கத்தில் நில்.

மாத்திரையைப் பிடியுங்கள் அண்ணாச்சி. மெதுவாகப் போங்கள். ஒன்று மட்டும் கவனம். அதன் வலப்பக்கமாகப் போங்கள். இடது கண் அதற்குத் தெரியாது. அன்றைக்குக் கம்போடு நீங்கள் இடப்பக்கமாகத்தான் வந்தீர்கள். உங்களை அது பார்க்கவே இல்லை.